பாரிஸ் புரட்சியும் ‘குடிமகன் திப்பு’வும்



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் கள்ளிக்குப்பத்தில் எம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் வழிப் பேத்தி, சமூக அறிவியல் பாடநூலைக் கையில் ஏந்தி வந்து நின்றாள். ‘புரட்சிகளின் காலம்’ என்ற பாடத்தையொட்டி வகுப்பில் ஒவ்வொரு மாணவியும் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். அவளுக்குக் கிடைத்த தலைப்பு பிரெஞ்சுப் புரட்சி.

“நன்னா, மதரஸா ஆண்டு விழாவில் நீங்கள் சொன்னீர்களே, திப்பு சுல்தான் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுதந்திர மரம் நட்டார், தம்மைக் குடிமகன் திப்பு என்று அழைத்துக் கொண்டார் என்று. அதை நான் பேசலாமா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்லட்டும்?”

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் செய்தியை மேடைகளில் சொல்லி வருகிறேன். சொன்ன போதெல்லாம் கரவொலி எழுந்திருக்கிறது. எந்த நூலில் உள்ளது என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. நானும் மற்றொரு பேச்சாளர் வாய்மொழியாகக் கேட்டதைத்தான் சொல்லி வந்தேன் என்பதை அந்தக் கணத்தில் உணர்ந்து நாணினேன். “இரண்டு வாரம் பொறு, பார்த்துச் சொல்கிறேன்” என்று பேத்தியை அனுப்பிவிட்டு, அம்பத்தூரில் மின்சார ரயிலேறி எழும்பூர் கன்னிமாரா நூலகத்திற்குப் பல நாள் சென்று வந்தேன். கண்டவற்றை இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறேன். என் மேடைப் பேச்சைக் கேட்டவர்களில் சிலரேனும் இதைப் படிப்பார்கள் என்பதே என் எதிர்பார்ப்பு.

முதலில் புரட்சியின் கதை. ஐரோப்பாவின் பெரும் முடியரசுகளுள் ஒன்றான பிரான்சில் 1789-ஆம் ஆண்டில் மக்கள் எழுந்தது எதனால்? தத்துவ ஞானிகளின் நூல்களால் என்று சிலர் கூறுவர். ரூசோவும் வால்டேரும் எழுதியவை கற்றோர் உள்ளங்களை அசைத்தது உண்மையே. ஆயினும் அரண்மனையை முதலில் அசைத்தது கடன். அந்தக் கடனில் ஒரு பகுதி நம் தமிழகக் கடற்கரையில் செலவழிந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி 1778-இல் அவர்களுக்குத் துணை நின்று போரில் இறங்கினார். அப்போர் அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஆங்கிலேயரை எங்கெல்லாம் தாக்க இயலுமோ அங்கெல்லாம் பிரெஞ்சுக் கப்பல்கள் சென்றன. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்தின் அருகே கடற்போர். 1783 ஜூனில் கடலூரின் எதிரே கடற்போர். தளபதி சஃப்ரன் கடலிலும் புஸ்ஸி தரையிலுமாக, ஹைதர் அலிக்கும் அவருக்குப் பின் திப்புவுக்கும் துணைவர்களாய் நின்றனர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்தவுடன் பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்திக் கொண்டனர். மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்புவைத் தனியே விட்டு அவர்களுடைய வீரர்கள் விலகினர். இதை நினைவில் வையுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

அமெரிக்கப் போர் மொத்தத்தில் 100 கோடி லிவருக்கும் அதிகமான பணத்தை விழுங்கியது என்பர். பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். 1788-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி, பழைய கடனுக்கு வட்டியாகவும் தவணையாகவும் போயிற்று. வருமானத்தில் பாதி வட்டிக்குப் போகும் குடும்பம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை இல்லத்தரசிகளாகிய சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரியை உயர்த்தலாமே என்றால், யாரிடம்? நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். அவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தனர். மதகுருமார் முதல் வகுப்பு, பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு. இவ்விரு வகுப்பாரும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எனினும் முக்கிய வரிகளிலிருந்து பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தவர்கள் இவர்களே. உழவர், கைவினைஞர், வணிகர், வழக்கறிஞர், கூலியாட்கள் என எஞ்சிய அனைவரும் மூன்றாம் வகுப்பு. அரசனுக்கு நிலவரி, தேவாலயத்திற்கு விளைச்சலில் ஒரு பங்கு, பிரபுவுக்கு ஆலை வரியும் அடுப்பு வரியும் என்று எல்லாம் இவர்கள் தலையில் விழுந்தன. உப்புக்கும் வரி உண்டு. வேதாரண்யத்தை 1930-இல் கண்ட தமிழகத்திற்கு உப்பு வரி என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டுமா?

இந்த நிலையில்தான் நம் கதை வெர்சேல்ஸ் அரண்மனைக்குள் நுழைகிறது.

பிரெஞ்சுக்காரர் ஒருமுறை கைவிட்டதை மறவாதவராயினும், ஆங்கிலேயரை எதிர்க்க வேறு துணை காணாத திப்பு சுல்தான், முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மது உஸ்மான் கான் என்ற மூவரைத் தம் தூதர்களாகப் பிரான்சுக்கு அனுப்பினார். 1787 ஜூலையில் புதுச்சேரியில் கப்பலேறியவர்கள், ஏறத்தாழ ஓராண்டு கழித்து 1788 ஜூனில் துலோன் துறைமுகத்தில் இறங்கினர். வழி நெடுகிலும் மக்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தனர். ஜூலை 16-ஆம் நாள் பாரிஸை அடைந்தனர்.

அதற்குச் சரியாக மூன்று நாள் முன்னர், ஜூலை 13-இல், வடபிரான்சின் வயல்களில் பெரும் ஆலங்கட்டி மழை பெய்து அறுவடைக்கு நின்ற கோதுமையை அழித்திருந்தது. தூதர்கள் தங்கள் வண்டிகளிலிருந்து கண்ட விவசாயிகளில் பலர், அடுத்த ஆண்டு பிரபுக்களின் மாளிகைகளுக்குத் தீ வைக்கப் போகிறவர்கள். அதை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? அறிந்திருக்க வேண்டிய மன்னரே அறியவில்லை.

1788 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெர்சேல்ஸ் மாளிகையின் ஹெர்குலஸ் மண்டபத்தில் மன்னர் லூயி மைசூர்த் தூதர்களை வரவேற்றார். ராணி மேரி அன்டாய்னெட்டும் அரசவைப் பெண்டிரும் பட்டும் வைரமுமாய் வந்திருந்தனர். அரசவையின் அக்காட்சியை வரலாற்று நூல்கள் வியந்து எழுதுகின்றன. நான் வியந்தது வேறொன்றை. அந்த வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 8-இல், வேறு வழியற்றுப் போன மன்னர், 1614-க்குப் பின் கூட்டப்படாத ‘ஸ்டேட்ஸ் ஜெனரல்’ என்னும் மூவகுப்பாரின் சபையை மறு ஆண்டு மே மாதம் கூட்டுவதாக அறிவித்திருந்தார். வரவேற்பு முடிந்து ஆறே நாளில், ஆகஸ்ட் 16-இல், கஜானாவில் பணம் இல்லை என்று அரசு தன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. அதாவது, திப்புவின் தூதர்கள் படையுதவி வேண்டி நின்ற மன்னர், அந்த வாரமே திவாலானவர்!

மன்னர் படை தரவில்லை. செவ்ரே தொழிற்சாலையின் பீங்கான் கலங்களைப் பரிசாகத் தந்தார். திப்பு விரும்பிக் கேட்ட கைவினைஞர், தோட்டக்காரர் சிலரையும், விதைகளையும் செடிகளையும் உடன் அனுப்பினார். தூதர்கள் நவம்பரில் கப்பலேறி 1789 மே மாதம் புதுச்சேரிக்குத் திரும்பினர். அதே மே மாதம் 5-ஆம் நாள் வெர்சேல்ஸில் ஸ்டேட்ஸ் ஜெனரல் கூடியது.

தர்வேஷ் கானின் முகம் நமக்குத் தெரியும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராணியின் ஓவியர் விஜே லெ பிரன் என்னும் பெண்மணி, வெண்ணிற மஸ்லின் அங்கியும் வாளும் தாங்கி நிற்கும் அவரை ஆளுயரத்தில் தீட்டினார். 1789-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அப்படம் வைக்கப்பட்டபோது பாஸ்டில் கோட்டை விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அக்டோபரில் அந்த ஓவியரும் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. 2019-இல் நியூயார்க்கில் அந்தப் படம் 70 லட்சம் டாலருக்கும் மேல் விலை போயிற்று. தூதர்கள் கேட்டுப் போன படைக்கு அந்நாளில் அவ்வளவு செலவாகியிராது!

புரட்சி நடந்த விதத்தை மாணவர்களின் பாடநூல் விரிவாகவே கூறுகிறது. நான் விரைந்து செல்கிறேன். ஸ்டேட்ஸ் ஜெனரலில் தலைக்கு ஒரு வாக்கா, வகுப்புக்கு ஒரு வாக்கா என்ற வழக்கில் மூன்றாம் வகுப்பார் பிரிந்து, ஜூன் 17-இல் தம்மைத் தேசிய சபை என்று அறிவித்தனர். மன்னர் பாரிஸைச் சுற்றிப் படைகளைக் குவித்தார். ஜூலை 14-இல் மக்கள் பாஸ்டில் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். அவர்களை மீட்பதற்காகப் போனவர்கள் அல்லர் அம்மக்கள். வெடிமருந்து தேடிப் போனவர்கள். ஆகஸ்ட் 26-இல் மனிதனும் குடிமகனும் பெற்ற உரிமைகளைப் பறைசாற்றும் பிரகடனம் வெளிவந்தது.

ஆனால் சகோதரிகள் ஒரு நாளின் நிகழ்ச்சியை மட்டும் நிதானமாக அறிந்து கொள்ள வேண்டும். பாரிஸில் நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டியின் விலை எட்டு, ஒன்பது சூவிலிருந்து 1789 பிப்ரவரியில் பதினாலரை சூவாக ஏறிவிட்டிருந்தது. சாதாரணக் கட்டடக் கூலியாளின் நாட்கூலி 25 சூ அளவில்தான். நல்ல காலத்திலேயே கூலியில் பாதி ரொட்டிக்குப் போகும். அந்த ஆண்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போயிற்று. வீட்டு வாடகை, விறகு, துணிமணி, நோயாளிக்கு மருந்து ஆகியவற்றுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அக்டோபர் 5-ஆம் நாள் காலை பாரிஸ் சந்தைப் பெண்கள் ஒன்று கூடினர். மீன் விற்போரும் காய் விற்போரும் துணி வெளுப்போருமாகப் பல்லாயிரம் பெண்கள், கொட்டும் மழையில் வெர்சேல்ஸ் நோக்கி நடந்தனர். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கள்ளிக்குப்பத்திலிருந்து சென்னைக் கோட்டைக்கு நனைந்து கொண்டே நடந்து போவதை எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய அத்தொலைவு. மறுநாள் மன்னரையும் ராணியையும் இளவரசனையும் பாரிஸுக்குக் கூட்டிக் கொண்டே அவர்கள் திரும்பினர். பிரெஞ்சு மன்னர் அதன் பின் வெர்சேல்ஸ் மாளிகைக்கு வாழத் திரும்பவே இல்லை. (ரொட்டி இல்லாவிட்டால் இனிப்புப் பண்டம் உண்ணட்டுமே என்று ராணி சொன்னதாக ஒரு கதை நம் வீடுகளிலும் வழங்குகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர் பிரான்சுக்கு வருமுன்பே அக்கதை வேறொருவர் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டு வந்தது.)

அரசனையே நடத்திக் கூட்டி வந்த அந்தப் பெண்களுக்குப் புரட்சி வாக்குரிமை தந்ததா? தரவில்லை. 1791-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஆண்களையே இரண்டாகப் பிரித்தது. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டுவோர் வாக்களிக்கும் குடிமக்கள். கட்ட இயலாதோர் பெயரளவுக் குடிமக்கள். பெண்கள் எதிலும் இல்லை. பெண்களுக்கும் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் என்ற அம்மையார் 1793 நவம்பரில் கில்லட்டினில் உயிரிழந்தார். சென்னை மாகாணப் பெண்களில் ஒரு பகுதியினர் 1921-லேயே வாக்குரிமை பெற்றுவிட்டனர். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945-இல்!

மன்னர் 1791 ஜூனில் மாறுவேடத்தில் தப்பியோட முயன்று வழியில் பிடிபட்டார். 1792 ஆகஸ்ட் 10-இல் மக்கள் அவர் தங்கியிருந்த துய்லரி அரண்மனையைத் தாக்கினர். மைசூர்த் தூதர்களை அவர் வரவேற்ற நாளிலிருந்து சரியாக நான்கு ஆண்டுகள். செப்டம்பரில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21-இல் மன்னரின் தலை வீழ்ந்தது. அக்டோபரில் ராணியின் தலை. அதன்பின் ஓராண்டு நீடித்த பயங்கர ஆட்சியில் தீர்ப்பெழுதிக் கொல்லப்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்களோ குருமாரோ அல்லர். யாருக்காகப் புரட்சி எழுந்ததோ அந்த மூன்றாம் வகுப்பினரே. 1794 ஜூலையில் ரோபஸ்பியரும் அதே கத்திக்கு இரையானார். 1799-இல் ஆட்சியைக் கைப்பற்றிய நெப்போலியன் 1804-இல் பேரரசரானார். 1814-இல் கொல்லப்பட்ட மன்னரின் தம்பி அரியணை ஏறினார்.

இனி அப்புரட்சி நம் கரைக்கு வந்த வரலாறு. மேடையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி இது. அன்று நான் இதை அறியேன்.

பாஸ்டில் வீழ்ந்த செய்தி புதுச்சேரியை 1790 பிப்ரவரியில்தான் அடைந்தது. அங்கிருந்த பிரெஞ்சுக்காரர் மகிழ்ச்சி ஆரவாரம் செய்து, மார்ச் மாதத்தில் தமக்கென்று ஒரு குடிமக்கள் சபையைக் கூட்டினர். பிறப்பால் எல்லோரும் சமம் என்ற பிரகடனத்தை நம் மண்ணில் முதன்முதலாக உரக்கப் படித்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம். புதுச்சேரித் தமிழரும் அதைக் காது கொடுத்துக் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல், பிரான்சின் ஊர்கள் தத்தம் குறைகளை எழுதி அனுப்பியதைப் போல, தங்கள் குறைகளையும் வேண்டுகோள்களையும் எழுதிச் சபைக்குக் கொடுத்தனர். நகரின் மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களே. எனினும் அந்தச் சபையில் அவர்களுக்கு இடம் அளிக்கப்படவில்லை. தொப்பி அணிந்து, கிறிஸ்தவப் பெயர் சூடி, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தொப்பாஸ் என்னும் கலப்பினத்தாரும் உரிமை கேட்டனர். அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதே பெரும் தகராறாயிற்று.

அக்காலப் புதுச்சேரியை ஒரு தமிழரின் கண் வழியே காண விரும்புவோர்க்கு ஒரு நூல் உண்டு. நகர்க் காவல் பொறுப்பான ‘நயினார்’ பதவி வகித்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பு. புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குப் பின் வந்தது. பிரான்சில் வாழும் தமிழறிஞர் மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்து 1992-இல் அச்சேறியது. பாரிஸில் உலகம் தலைகீழாகப் புரண்ட நாட்களில், நம்மவர் ஒருவர் தாய்மொழியில் நாள்தோறும் குறிப்பெழுதிக் கொண்டிருந்தார் என்பதே எனக்கு மெய்சிலிர்ப்பாக இருந்தது.

புரட்சி அரசு 1793 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மீது போர் தொடுத்தது. அச்செய்தி கோடையில் இங்கு எட்டியதும் ஆங்கிலத் தளபதி பிரெய்த்வெய்ட் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 23-இல் நகரம் சரணடைந்தது. 1816 வரை அது ஆங்கிலேயர் கையில். தமிழரின் வேண்டுகோளுக்கு விடை சொல்லக் குடிமக்கள் சபையே இல்லாமற் போயிற்று.

இப்போது பேத்தியின் வினாவுக்கு வருகிறேன்.

1792-இல் கார்ன்வாலிஸிடம் தோற்றுப் பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழக்க உடன்பட்டு, தம் சின்னஞ்சிறு மக்கள் இருவரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பிய திப்பு, மறுபடியும் பிரெஞ்சுத் துணையையே நாடினார். அன்று மன்னரிடம் கேட்டதை இன்று குடியரசிடம் கேட்டார். பிரான்சில் யார் ஆள்கிறார் என்பது அவருக்குப் பெரிதன்று. ஆங்கிலேயரை எதிர்ப்பவராய் இருந்தால் போதும். 1797-இல் ரிப்போ என்ற பிரெஞ்சுக் கடலோடி, பழுதுபட்ட கப்பலுடன் மங்களூர் வந்து சேர்ந்தார். எதிரி வணிகக் கப்பல்களைச் சூறையாடிப் பிழைத்தவர் அவர். மொரீசியஸில் பெரும் பிரெஞ்சுப் படை காத்திருப்பதாகத் திப்புவிடம் கதை அளந்தார். அதை நம்பி ஹஸன் அலி, ஷெய்கு இப்ராஹீம் என்ற இரு தூதர்களைத் திப்பு அங்கே அனுப்பினார். படை ஏதும் அங்கில்லை. இரகசியமாய் நடந்திருக்க வேண்டிய பேச்சை ஆளுநர் மலார்ட்டிக் 1798 ஜனவரி 30-இல் சுவரொட்டியாக அச்சிட்டு ஊரறிய ஒட்டினார். திப்புவுக்குத் துணை செல்லத் தொண்டர் தேவை என்று! வந்தவர்கள் ஏறத்தாழ 100 பேர். அந்தச் சுவரொட்டியின் பிரதி வெல்லெஸ்லியின் கைக்குக் கிடைத்தது. படையெடுக்கக் காரணம் தேடியவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இவையெல்லாம் ஐயத்திற்கு இடமில்லாதவை. ‘குடிமகன் திப்பு’ கதையோ வேறு. 1797 மே மாதம் ரிப்போவும் 59 பிரெஞ்சுக்காரரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு ஜாகோபின் சங்கம் தொடங்கினர், திப்புவின் முன் புரட்சிக் கொடி ஏற்றினர், சுதந்திர மரம் நட்டனர், பீரங்கிகள் முழங்கின, சுல்தானைக் குடிமகன் என வாழ்த்தினர் என்பது கதை. இதற்கு ஆதாரம் எது? 1799 மே 4-இல் திப்பு ஷஹீதாகி, கோட்டை வீழ்ந்த பின், அரண்மனையில் அகப்பட்ட காகிதங்கள் என்று கூறி ஆங்கிலேயர் அச்சிட்டு வெளியிட்ட தொகுப்பு. எதிரியைக் கொன்று, அவன் நாட்டைப் பங்கிட்ட பின்னர், கொன்றது நியாயமே என்று இங்கிலாந்து மக்களுக்கு எடுத்துக் காட்ட வெளியிட்டவை அவை. பாரிஸில் மன்னன் தலை வெட்டிய கூட்டத்தோடு சேர்ந்தவன் இவன் என்று காட்டுவதற்கு ஜாகோபின் என்ற ஒரு சொல்லே அன்று போதுமானதாயிருந்தது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழான் பூத்தியே 2005-இல் எழுதிய ஆய்வில் இந்த ஆவணங்களின் நம்பகத் தன்மையை வன்மையாக ஐயுற்றிருக்கிறார். பழைய கதையை இன்றும் உண்மை எனக் கொண்டு எழுதுவோரும் உளர்.

என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இது: சில பிரெஞ்சுக்காரர் தங்களுக்குள் ஏதேனும் கொண்டாடியிருக்கக் கூடும். ஆனால் பாதுஷா என்று தம்மை அறிவித்துக் கொண்டு, தம் அரசை இறைவன் அருளிய ஸர்க்காரே குதாதாத் என்று அழைத்த ஒரு முடிமன்னர், மன்னராட்சியை வேரறுப்போம் என்று சூளுரைப்போரிடமிருந்து குடிமகன் பட்டத்தை மகிழ்ந்து ஏற்றார் என்பதை நம்ப என் உள்ளம் இடம் தரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைப் பழிக்க எதிரிகள் பரப்பிய செய்தியை, அவரைப் புகழ நினைத்து நாமே இரு நூற்றாண்டுகளாகப் பரப்பி வருகிறோம். நானும் பரப்பினேன். அதைத் திரும்பப் பெற்றுக் கொள்கிறேன்.

புரட்சியின் பிள்ளைகள் முஸ்லிம் நாடு ஒன்றில் நடந்து கொண்ட விதமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். தாம் இஸ்லாத்தை மதிப்பவர் என்று அரபியில் அறிக்கை அச்சிட்டு வழங்கினார். கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி அந்த அறிக்கையைச் சொல் சொல்லாகப் பிரித்து, அதன் அரபு இலக்கணப் பிழைகளையும் உள்நோக்கத்தையும் ஒருசேர அம்பலப்படுத்தினார். அக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்த போது, பிரெஞ்சுப் பீரங்கிகள் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் மீது குண்டு பொழிந்தன. குதிரைகளுடன் வீரர்கள் உள்ளே புகுந்தனர். அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின், 1799 ஜனவரியில் அதே நெப்போலியன், ஆங்கிலேயரின் இரும்புப் பிடியிலிருந்து திப்புவை விடுவிக்க வருவதாகக் கடிதம் எழுதினார். கடிதம் செங்கடல் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. அவர் வரவும் இல்லை. வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் கெய்ரோவாசிகளிடம்தான் கேட்க வேண்டும்.

துருக்கி சுல்தான் மூன்றாம் ஸலீம், பிரெஞ்சுக்காரரை நம்பாதீர் என்று திப்புவுக்கு எழுதியது உண்மை. அந்தக் கடிதத்தை ஆங்கிலேயரே முன்னின்று வாங்கி அனுப்பி வைத்தனர் என்பதும் உண்மை. யாரைத்தான் நம்புவது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அமர்ந்து அந்தக் கடிதங்களை வாசித்த மனிதரின் தனிமையை எண்ணிப் பார்க்கிறேன்.

புரட்சியின் நல்விளைவுகளை மறுப்பது என் நோக்கமன்று. பிரபுவுக்கு வரி, குருவுக்கு வரி என்ற நுகத்தடி பிரெஞ்சு உழவன் கழுத்திலிருந்து இறங்கியது. மன்னன் திரும்பி வந்த பின்னும் அதை மீண்டும் மாட்ட எவராலும் முடியவில்லை. ஹைத்தித் தீவின் கறுப்பின அடிமைகள் அதே உரிமைப் பிரகடனத்தின் பொருளைத் தம் கையாலேயே நிலைநாட்டினர். அவர்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்தனர்; பாரிஸ் 1794-இல் அடிமை முறையை ஒழித்தது; நெப்போலியன் 1802-இல் அதை மீட்டார்; அவருடைய படையை முறியடித்து 1804-இல் சுதந்திர நாடாயினர். புதுச்சேரித் தமிழரோ காத்திருந்தனர். 1848-இல் பாரிஸில் மற்றொரு புரட்சி எழுந்து வேறொரு மன்னர் ஓடிய பின்னர்தான், பிரெஞ்சிந்தியாவிலிருந்து பாராளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமை வந்தது. வேண்டுகோள் எழுதிக் கொடுத்து 58 ஆண்டுகள். அதுவும் சில ஆண்டுகளில் பறிக்கப்பட்டு, மறுபடி 1871-இல்தான் கிடைத்தது.

இவற்றையெல்லாம் பேத்தியிடம் மூன்று மாலைகளில் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அடங்காதே என்று கவலைப்பட்டாள். எதை விடுவது, எதை வைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும் என விட்டுவிட்டேன். சுதந்திர மரத்தை விட்டுவிட்டாள். அதில் எனக்குச் சிறிது வருத்தம்தான். எத்தனை மேடைகளில் எனக்குக் கரவொலி பெற்றுத் தந்த மரம்! வெர்சேல்ஸில் தூதர்கள் நின்ற நாளையும், ஆறு நாள் கழித்துக் கஜானா மூடியதையும், மழையில் நடந்த பெண்களையும், புதுச்சேரித் தமிழரின் மனுவையும் வைத்துக் கொண்டாள்.

பேசிவிட்டு வந்த அன்று மாலை, எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

“நன்றாகப் போயிற்று நன்னா. டீச்சர் புத்தகத்தின் பெயரைக் கேட்கவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருத்தி எழுந்து, புதுச்சேரிக்காரர்கள் அந்த மனுவில் என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.”

திங்கட்கிழமை மறுபடி எழும்பூருக்கு ரயிலேற வேண்டும்.